தவறவிட்டவை எத்தனை? மின்தொகுப்பின் நிலைப்பைக் கணிக்கும் இயந்திரங்கள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்பாதையில் பழுது ஏற்பட்டதும் மின்தொகுப்பு தாங்குமா, நிலைகுலையுமா என்பதை இயந்திரக் கற்றல் முறையில் கண்ணிமைக்கும் நேரத்தில் கணித்துவிடலாம் என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடினமான ஒரு பொருளை எளிமையாக எடுத்துச் சொன்ன கட்டுரை அது. ஆயினும் அதில் இரண்டு இடங்களில் வந்த ‘99 சதவீதத் துல்லியம்’ என்ற சொற்கள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காப்பு ரிலேக்களோடும் (பழுதை உணர்ந்து மின்பாதையைத் துண்டிக்கக் கட்டளையிடும் கருவிகள்) பழுதுப் பதிவுகளோடும் கழித்தவன் என்ற முறையில், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

உயரழுத்த மின்பாதை ஒன்றில் மின்னல் தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிக்கும் கோபுரத்துக்கும் இடையே பொறி பாய்ந்து குறுக்குச்சுற்று உண்டாகிறது. ரிலே அதை ஒன்றிரண்டு சுழற்சிகளுக்குள் உணர்ந்து, பாதையைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கருக்குக் கட்டளையிட, மேலும் இரண்டு மூன்று சுழற்சிகளில் பிரேக்கர் திறந்துகொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் ஒரு சுழற்சி என்பது 20 மில்லி விநாடி. ஆகவே எல்லாம் ஒழுங்காக நடந்தால் 60 முதல் 100 மில்லி விநாடிக்குள் பழுது துண்டிக்கப்பட்டுவிடும். (‘கண்ணிமைக்கும் நேரம்’ என்று கட்டுரையாளர் உவமையாக எழுதியிருந்தார், இங்கே அது உவமையே அன்று, ஏறத்தாழ அளவு.) வீட்டில் இருப்பவர்கள் விளக்கு ஒருமுறை மங்கித் தெளிவதைத்தான் பார்ப்பார்கள், அதையும் பலர் கவனிப்பதில்லை.

அந்தச் சில சுழற்சிகளில் மின் நிலையத்துக்குள் நடப்பதுதான் முழு விவகாரமும். பழுதுக்கு அருகிலுள்ள ஜெனரேட்டரால் மின்சாரத்தை வெளியே அனுப்ப முடிவதில்லை. ஆனால் அதைச் சுழற்றும் டர்பைனுக்குள் நீராவி முன்போலவே பாய்ந்துகொண்டிருக்கிறது. நீராவி வால்வு அத்தனை விரைவாக மூடக்கூடியதன்று. செலவாகாத ஆற்றல் முழுவதும் ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டாரின் வேகத்தில் சேர, தொகுப்பிலுள்ள மற்ற ஜெனரேட்டர்களைவிட அது முந்திக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. முழுச் சுமையில் ஓடும், 4 விநாடி நிலைம மாறிலி (வேக மாற்றத்தை ரோட்டார் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) கொண்ட ஒரு ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டு, பழுதின்போது அதன் மின் வெளியீடு பூச்சியமாகிவிட்டது என்று கொண்டால், 100 மில்லி விநாடியில் அதன் கோணம் சுமார் 11 பாகை முந்தியிருக்கும். பழுது 240 மில்லி விநாடி நீடித்தால் முந்துவது 26 பாகை அன்று, சுமார் 65 பாகை. நேரம் இரண்டரை மடங்கு ஆகும்போது கோணம் ஆறு மடங்கு ஆகிறது, ஏனெனில் அது நேரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. பழுது விலகிய பின்னரும் சேர்த்துவைத்த வேகத்தால் ரோட்டார் இன்னும் சற்றுத் தூரம் முன்னேறும். திரும்பி வர இடமிருந்தால் ஆடி அடங்கும். எல்லையைத் தாண்டிவிட்டால் ஒத்திசைவை, அதாவது மற்ற ஜெனரேட்டர்களோடு சேர்ந்து ஓடும் நிலையை, இழந்துவிடும். அந்த எல்லைக்குள் இருக்கப் பழுதை எவ்வளவு நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்பதையே உச்சத் துண்டிப்பு நேரம் என்கிறோம்.

இந்த 240 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துணை மின் நிலையத்தில் ஏற்பட்ட பழுதின் பதிவை விடியற்காலையில் பிரித்துப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மின்பாதையின் மூன்று கட்டங்களுக்கும் (ஃபேஸ்) மூன்று அலைக்கோடுகள். முதல் கட்டத்தில் மின்னழுத்தம் சரிந்து மின்னோட்டம் பல மடங்கு உயர்ந்திருந்தது. ரிலே ஒன்றரைச் சுழற்சியிலேயே கட்டளையிட்டதற்கான குறியும் அதில் இருந்தது. மற்ற இரண்டு கட்டங்களின் மின்னோட்டம் 70 மில்லி விநாடிக்குள் நேர்கோடாகிவிட்டது. பழுதான கட்டத்தின் அலை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தின் பிரேக்கர் துருவம் திறக்கவே இல்லை. பிரேக்கர் செயலிழப்புக் காப்பு தன் முறைக்குக் காத்திருந்து, அதே பஸ்பாரில் (பல மின்பாதைகள் வந்து இணையும் பொதுக் கடத்தி) உள்ள மற்ற பிரேக்கர்களையெல்லாம் திறந்து, ஒருவழியாக 240 மில்லி விநாடியில் பழுதைத் துண்டித்தது. ஒரு கட்டத்தில் மட்டுமே பழுது இருந்ததாலும், இரவில் சுமை குறைவாக இருந்ததாலும் ஜெனரேட்டர்கள் தப்பின. அந்த இடத்துக்கென்று முன்கூட்டியே செய்துவைத்திருந்த ஆய்வறிக்கையில் துண்டிப்பு நேரம் 80 மில்லி விநாடி என்றுதான் போட்டிருந்தோம். எல்லாப் பழுதுகளுக்கும் அதே எண்தான்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று நிலைப்பைக் கணிக்கப் பயிற்றப்படும் இயந்திரங்கள் பெரும்பாலும் உண்மையான பழுதுகளிலிருந்து கற்பதில்லை. மின்தொகுப்பு உண்மையில் நிலைகுலைந்த சம்பவங்கள் மிகமிகக் குறைவு, நல்லவேளையாகக் குறைவு. ஆகவே கணினியில் ஒரு மின்தொகுப்பு மாதிரியை உருவாக்கி, அதில் ஆயிரக்கணக்கான பழுதுகளைச் செயற்கையாக ஏற்படுத்தி, ஒவ்வொன்றிலும் ரோட்டார்களின் கோணம் எப்படி ஆடுகிறது என்பதைச் சில மில்லி விநாடிப் படிகளாகக் கணக்கிட்டு, அந்த விடைகளை இயந்திரத்துக்குப் பாடமாக ஊட்டுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வருவது 10 ஜெனரேட்டர்களும் 39 முனைகளும் கொண்ட நியூ இங்கிலாந்து சோதனை மாதிரி. பயிற்சிக்குப் பயன்படாத சில ஆயிரம் பழுதுகளைத் தனியே எடுத்துவைத்து, அவற்றில் இயந்திரம் சரியாகச் சொன்ன விகிதத்தையே துல்லியம் என்று அறிவிக்கிறார்கள். பாடநூலை எழுதியவரே வினாத்தாளையும் தயாரித்து, விடைத்தாளையும் திருத்துகிற தேர்வு இது. மாதிரியில் பிரேக்கர் எப்போதும் 80 மில்லி விநாடியில் திறந்தால், பிரேக்கர் திறக்காத இரவு என்று ஒன்று உண்டு என்பதை அந்த இயந்திரம் அறியவே வாய்ப்பில்லை. அதற்கு அவ்வினா தேர்விலும் வராது.

அந்த 99 சதவீதத்துக்கு வருகிறேன். ஆயிரம் பழுதுகளில் 980 பழுதுகளை மின்தொகுப்பு தாங்கிக்கொள்கிறது, 20 பழுதுகளில் நிலைகுலைகிறது என்று கொள்வோம். எதையும் கற்காமல், எதையும் பார்க்காமல், ஆயிரத்துக்கும் ‘தாங்கும்’ என்றே பதில் சொல்லும் ஒரு பெட்டி 98 சதவீதத் துல்லியம் பெறும். 99 சதவீதம் பெறும் இயந்திரம் அந்த 20இல் 10ஐத் தவறவிட்டிருக்கலாம். அல்லது 20ஐயும் சரியாகப் பிடித்துவிட்டு, தாங்கக்கூடிய 10 பழுதுகளுக்கு வீண் எச்சரிக்கை கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் எண் ஒன்றே. ஆனால் வீண் எச்சரிக்கையின் விலை தேவையில்லாமல் உற்பத்தியைக் குறைப்பது அல்லது ஒரு மறுகணக்கீடு. தவறவிட்டதன் விலை ஊர்கள் இருளில் மூழ்குவது. இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டுச் சராசரி காண்பது மின்பொறியாளர் செய்யும் காரியம் அன்று. ஆகவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது துல்லியம் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், நிலைகுலைந்தவற்றில் தவறவிட்டவை எத்தனை, அவை உச்சத் துண்டிப்பு நேரத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தவை என்றும் தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். எல்லையை ஒட்டி ஐந்து மில்லி விநாடி வித்தியாசத்தில் தவறுவது மன்னிக்கத்தக்கது. எல்லையைத் தாண்டி வெகுதூரம் போன ஒன்றை ‘தாங்கும்’ என்று சொன்னால், அந்த இயந்திரம் எதையோ அடியோடு கற்கவில்லை என்று பொருள்.

மாதிரிக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு இரண்டு மின்தடைகளைச் சுட்டுவேன். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சுழல்காற்று மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிட இடைவெளியில் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்தது. ஒவ்வொரு சரிவையும் தனியே பார்த்தால் தாங்கக்கூடியதே. ஆனால் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுகளுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் அல்லது விலகிக்கொள் என்று ஓர் அமைப்பு இருந்தது. மின்தொகுப்பை இயக்கியவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகளிலிருந்து 456 மெகாவாட் குறைய, அண்டை மாநிலத்தோடு இணைக்கும் பாதை மிகைச்சுமையில் ஒத்திசைவு இழந்து துண்டிக்கப்பட, மாநிலம் முழுவதும் இருண்டது. அந்த அமைப்பு இடம்பெறாத மாதிரியில் கோடிப் பழுதுகளைக் கணக்கிட்டுப் பயிற்றினாலும், இயந்திரம் அன்று ‘தாங்கும்’ என்றுதான் சொல்லியிருக்கும்.

இன்னொன்று நம் நாட்டில் நடந்தது. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்பாதை துண்டிக்கப்பட்டதிலிருந்து வடக்கு மண்டல மின்தொகுப்பு முழுவதும் விழுந்தது. மறுநாள் பிற்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் விழுந்தன. சுமார் 60 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த மின்பாதையில் குறுக்குச்சுற்று எதுவும் ஏற்படவில்லை என்பதை இன்றும் பலர் அறியமாட்டார்கள். கனத்த சுமையும் தாழ்ந்த மின்னழுத்தமும் சேர்ந்து, தொலைவில் உள்ள பழுதைப் போன்ற தோற்றத்தை தொலைவிலுள்ள பழுதுகளைக் கவனிக்கும், ‘மூன்றாம் மண்டலம்’ எனப்படும் ரிலேயின் பகுதிக்குக் காட்டின. ரிலே தனக்கு இட்ட அமைப்பின்படி ‘சரியாகவே’ மின்பாதையைத் துண்டித்தது. பழுதுக்குப் பின் நிலைப்பு என்று தலைப்பிட்டுக்கொண்டு, பழுதிலிருந்து தொடங்கும் சூழ்நிலைகளை மட்டுமே படித்த இயந்திரத்துக்கு, பழுதே இல்லாமல் தொடங்கும் இத்தகைய சரிவு பாடத்திட்டத்திலேயே இல்லை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதும் இவ்வகையே. அங்கே மிகை மின்னழுத்தம் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தி நிலையங்களை விலக்கியது. ரோட்டார் கோணத்தை மட்டும் பார்க்கக் கற்ற இயந்திரம் அதில் என்ன கண்டிருக்கும்?

இவ்வளவு சொன்னதால் நான் இந்த முறைக்கே எதிரானவன் என்று கட்டுரையாளர் எண்ணிவிடக் கூடாது. படிப்படியாகக் கணக்கிடும் பழைய முறைக்கு நேரம் பிடிக்கும் என்பதையும், பெரிய மின்தொகுப்பில் பார்க்க வேண்டிய சூழ்நிலைகள் எண்ணற்றவை என்பதையும் அந்தக் கணக்கீட்டுக்காக இரவு முழுவதும் காத்திருந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் உச்சச் சுமை, குறைந்த சுமை என்று ஆண்டுக்குச் சில நிலைகளை எடுத்து ஆராய்ந்தால் போதுமென்று இருந்தோம். சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகிய பின், காலை பத்து மணியின் மின்தொகுப்பும் மாலை ஏழு மணியின் மின்தொகுப்பும் ஒன்றல்ல. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் வழியாக வரும் இத்தகைய மின்சாரத்தில் கனத்த ரோட்டார் இல்லை. அத்தகைய உற்பத்தி மிகும்போது தொகுப்பின் நிலைமம் குறைந்து, எல்லாமே முன்பைவிட விரைவாக நடக்கிறது. ஒவ்வொரு கால் மணிக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டிய நிலையில், ஆயிரக்கணக்கான சூழ்நிலைகளிலிருந்து ஐயத்துக்குரிய நூறைப் பொறுக்கித் தரும் சல்லடையாக இயந்திரக் கற்றல் பெரும் உதவி செய்யும். பொறுக்கிய நூறையும் பழைய முறையிலேயே முழுமையாகக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். சல்லடையின் கண் சற்று நெருக்கமாக இருந்து வீண் எச்சரிக்கை சில கூடினாலும் பாதகமில்லை.

இது புதுமையானதும் அன்று. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் லூயி வெஹென்கெலும் உடன் ஆய்வாளர்களும் தீர்மான மரங்களைக் கொண்டு (அடுத்தடுத்த ஆம்–இல்லை கேள்விகளால் முடிவுக்கு வருபவை) நிலைப்பைக் கணிக்கும் முறையை 1980களின் இறுதியிலேயே வெளியிட்டுவிட்டார்கள். நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டு உச்சத் துண்டிப்பு நேரத்தை மதிப்பிடும் முயற்சியும் அதே காலத்தது. தீர்மான மரத்தில் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ‘இந்தப் பாதையில் இத்தனை மெகாவாட்டுக்கு மேல் பாய்ந்து, அந்த மின் நிலையத்தில் மின்னழுத்தம் இதற்குக் கீழே இருந்தால் ஆபத்து’ என்று அது சொல்லும் காரணத்தைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் படித்துப் பார்த்து, ஒப்பவோ மறுக்கவோ முடியும். ஆழ்ந்த நரம்பியல் வலைப்பின்னல்கள் அதைவிடக் கூர்மையாகக் கணிக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்டால் அவற்றிடம் எளிதில் பதில் கிடைப்பதில்லை.

பழுது நடந்த பின், அந்தக் கணத்திலேயே கணித்து, ஜெனரேட்டரை விலக்குவது அல்லது சுமையைத் துண்டிப்பது போன்ற நடவடிக்கையை இயந்திரமே எடுக்கலாம் என்று கட்டுரை சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். இதற்கான கண்கள் இன்று இருக்கின்றன. அருண் பட்கே, ஜேம்ஸ் தார்ப் ஆகியோரின் பணியால் 1980களில் உருவான ஃபேசர் அளவீட்டுக் கருவி, தொலைதூர நிலையங்களின் மின்னழுத்தக் கோணங்களை ஜிபிஎஸ் கடிகாரத்தின் துணையோடு ஒரே கணத்தில் அளந்து, விநாடிக்கு 25 அல்லது 50 முறை அனுப்புகிறது. ஆனால் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழுது துண்டிக்கப்பட 80 மில்லி விநாடி. கோணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஐந்து அளவீடுகளாவது வேண்டும். 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக அதற்கு 100. அளவீடுகள் மையத்துக்கு வந்துசேர, கட்டளை திரும்பிச் செல்ல, பிரேக்கர் திறக்க என்று ஒவ்வொன்றுக்கும் சில பத்து மில்லி விநாடிகள். கால் விநாடி கடந்த பின்னரே நடவடிக்கை தொடங்குகிறது. முதல் ஊசலிலேயே ஒத்திசைவு முறியும் பழுதுகளில் பல ஒரு விநாடியைச் சுற்றி முடிந்துபோகின்றன. இயந்திரம் விடை கண்டுபிடிக்க எடுக்கும் ஒரு மில்லி விநாடியைப் பற்றி மட்டும் பெருமை பேசுவதில் பயன் குறைவு. இத்தனை குறுகிய நேரத்தில் மனிதர் குறுக்கிட இயலாது என்பதால், இயந்திரத்தின் தவறான ‘நிலைகுலையும்’ என்ற சொல் ஒன்றே நல்ல நிலையில் உள்ள ஜெனரேட்டரை விலக்கி, இல்லாத ஆபத்தை உண்டாக்கிவிடவும் கூடும்.

ஆகவே இயந்திரத்துக்கு மூன்றாவது பதில் ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘தாங்கும்’, ‘தாங்காது’ என்பவற்றோடு ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதையும் அது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியில் கண்டதற்கு அப்பாற்பட்ட சூழ்நிலை, பராமரிப்புக்காகப் பாதைகள் விலக்கப்பட்ட புதிய அமைப்பு, ஒரு அளவீட்டுக் கருவியின் தரவு வராத தருணம் ஆகியவற்றில் ஊகித்துச் சொல்வதைவிட விலகிக்கொண்டு, பழைய கணக்கீட்டிடமோ முன்பே வகுத்துவைத்த காப்புத் திட்டத்திடமோ பொறுப்பை ஒப்படைப்பதே மேல். இதற்கான கணித முறைகள் இருக்கின்றன. அவை துல்லிய எண்ணைச் சற்றுக் குறைத்துக் காட்டுவதாலோ என்னவோ, விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

இயந்திரங்களைப் பயிற்றுவதில் நமக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், முதலில் செய்ய வேண்டிய வேலை துணை மின் நிலையங்களில் இருக்கிறது. ஒவ்வொரு பழுதின்போதும் பதிவுக் கருவிகள் அலைவடிவத்தைச் சேமிக்கின்றன. பிரேக்கர் உண்மையில் எத்தனை மில்லி விநாடியில் திறந்தது, எந்த ரிலே தாமதித்தது, எது வீணாகச் செயல்பட்டது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. பெரிய விபத்தாக இல்லாவிட்டால் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. நினைவகம் நிரம்பியதும் புதியது பழையதை அழித்துவிடுகிறது. இந்தப் பதிவுகளைத் திரட்டி, ரிலேக்களின் அமைப்பு விவரங்களோடும் இன்வெர்ட்டர்களின் அமைப்பு விவரங்களோடும் சேர்த்து வைத்தால்தான் மாதிரியில் உள்ள 80 என்ற எண்ணுக்குப் பதிலாக உண்மையான எண்களின் பரவலைப் போட முடியும். அதைக்கொண்டு பயிற்றிய இயந்திரம் 99க்குப் பதிலாக 95 சதவீதமே பெற்றாலும் நான் அதையே நம்புவேன்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பல முயற்சிகள் இடறுகின்றன. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேரைப் பாதித்த மின்தடையை ஆராய்ந்தவர்கள், பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால், எது முன்பு எது பின்பு என்று வரிசைப்படுத்தவே பெரும்பாடு பட்டார்கள். பதிவுக் கருவிகள் அனைத்தும் ஒரே நேரத்தோடு ஒத்திசைக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைக்கவும் செய்தார்கள். அதற்குப் பின்னரும், ஜிபிஎஸ் கடிகாரத்தின் ஆன்டெனா கம்பி அறுந்து கிடக்க, நான்கு நிமிடம் பின்தங்கிய நேரத்தோடு பதிவு செய்துகொண்டிருந்த கருவியை நானே பார்த்திருக்கிறேன். மில்லி விநாடிகளைக் கற்றுக்கொள்ளப் போகும் இயந்திரத்துக்கு அந்தப் பதிவால் எந்தப் பயனும் இல்லை. கம்பியை மாற்ற அரை மணி நேரம் போதுமாயிருந்தது.

இங்ஙனம்,
காப்பு ரிலே பொறியாளர் (ஓய்வு)
(பெயர் வெளியிட வேண்டாம்)